கிளவுஸில் விழும் குட்டி ஓட்டை... ஆபரேஷன் தியேட்டரில் யார் உயிருக்கு யார் காவல்?

அடுத்த தடவை உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் நடந்தால், பார்மசி பில்லைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஊசி, நூல், பஞ்சு, செலைன் என்று நீளும் அந்தப் பட்டியலில் 'சர்ஜிக்கல் கிளவுஸ் 6.5', 'சர்ஜிக்கல் கிளவுஸ் 7' என்று நாலைந்து வரிகள் இருக்கும். 'ஒரு ஆபரேஷனுக்கு இத்தனை ஜோடியா, நம்ம தலையில நல்லா மிளகா அரைக்கிறாங்கப்பா' என்று நம்மில் பாதிப் பேர் முணுமுணுத்திருப்போம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கிற சின்ன நர்ஸிங் ஹோமாக இருந்தாலும் சரி, மதுரையின் பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, இந்த முணுமுணுப்பு ஒன்றுதான்.

உண்மையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அத்தனை ஜோடி கையுறையில் எத்தனை ஜோடி, ஆபரேஷன் முடியும்போது ஓட்டை இல்லாமல் இருந்தது? ஓட்டை விழுந்திருந்தால், அதைப் போட்டிருந்தவருக்கு அது தெரிந்ததா?

கொஞ்ச காலமாக 'டாக்டர்களின் பாதுகாப்பு' என்ற பேச்சு ஓயாமல் நடக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமை, அதே வருஷம் நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டது... இரண்டும் நாட்டையே உலுக்கின. உச்ச நீதிமன்றம் தேசிய பணிக்குழுவே அமைத்தது. சிசிடிவி, போலீஸ் அவுட்போஸ்ட், நோயாளியோடு வருகிறவர்களுக்கு டேக் என்று நிறையப் பேசினோம். அதெல்லாம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால், கத்தி எடுத்து வருகிறவன் என்றைக்கோ ஒருநாள் வருகிறான். தியேட்டருக்குள் தையல் ஊசியும், உடைந்த எலும்பின் கூர்முனையும் தினமும் இருக்கின்றன. அவற்றிடமிருந்து ஒரு நர்ஸைக் காப்பாற்றுவது ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத ரப்பர் தோல். அது கிழிந்தால் எந்த கேமராவிலும் பதிவாகாது.

முதல் கிளவுஸ் யாருக்காக?

ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். ஆபரேஷன் கையுறை நோயாளிக்குக் கிருமி போகாமல் இருக்கக் கண்டுபிடிக்கப்பட்டது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கதை அப்படியில்லை. 1889 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தியேட்டர் நர்ஸ் இருந்தார். கிருமிநாசினியாகப் பயன்படுத்திய மெர்க்குரிக் குளோரைடு கரைசல் பட்டுப் பட்டு அவர் கைகள் புண்ணாகிவிட்டன. வேலையையே விட வேண்டிய நிலை. அங்கே சர்ஜனாக இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்யச் சொன்னார். நர்ஸின் கை பிழைத்தது. 1890-ல் இருவரும் கல்யாணமும் செய்துகொண்டார்கள் என்பது உபரித் தகவல்!

ஆக, கையுறை பிறந்ததே ஓர் ஊழியரின் கையைக் காப்பாற்றத்தான். நோயாளிக்குத் தொற்று குறைகிறது என்பதைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டார்கள். நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது கையுறை என்றால் நோயாளியின் பாதுகாப்பு மட்டும்தான் நம் ஞாபகத்துக்கு வருகிறது. போட்டிருப்பவரை மறந்துவிட்டோம்.

பஞ்சர் கடை சோதனை

சைக்கிள் பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே வித்தைதான் கையுறைத் தொழிற்சாலையிலும் நடக்கிறது. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிடுவார்கள். இரண்டு நிமிஷம். விரல் நுனியில் சொட்டு கசிந்தால் அது ஃபெயில். நம் நாட்டில் ஆபரேஷன் கையுறைக்கு ஐஎஸ் 13422 என்ற தரக் குறியீடே இருக்கிறது.

இதில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்த கையுறையை அப்புறம் ஆபரேஷனுக்குப் போட முடியாது. அதனால், எல்லாக் கையுறையையும் சோதிப்பதில்லை. ஒரு பேட்ச்சிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்து, அதை வைத்து மொத்த பேட்ச்சையும் பாஸ் பண்ணுவார்கள். சர்வதேச அளவில் ஆபரேஷன் கையுறைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு 1.5. பச்சையாகச் சொன்னால், நூற்றுக்கு ஒன்றரை கையுறையில் ஓட்டை இருந்தாலும் அந்த பேட்ச் சந்தைக்கு வந்துவிடலாம். ரத்தம் எடுக்கவும் டிரெஸ்ஸிங் செய்யவும் போடுகிற சாதாரணப் பரிசோதனைக் கையுறைக்கு இந்த அளவு இன்னும் தாராளம், 2.5. ஆக, கவரைப் பிரிக்கும்போதே எல்லாக் கையுறையும் முழுசு என்று சத்தியம் செய்ய முடியாது.

அது தொழிற்சாலைக் கணக்கு. தியேட்டர் கணக்கு இதைவிட மோசம். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் ஆபரேஷனில் போட்டுக் கழற்றிய 898 ஜோடி கையுறைகளைச் சேகரித்துத் தண்ணீர் சோதனை செய்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் கழற்றியவற்றில் 15.4 சதவிகிதத்தில் நுண்ணிய ஓட்டை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்தவற்றில் 23.7 சதவிகிதம். கிட்டத்தட்ட நாலில் ஒன்று!

இதில் கவலைப்பட வேண்டியது எண்ணிக்கையைப் பற்றிக்கூட அல்ல. பெரும்பாலான ஓட்டைகள் விழுந்தது போட்டிருந்தவருக்கே தெரியாது என்று உலகம் முழுக்க நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஊசி சுருக்கென்று குத்தினால் தெரியும். சதைக்குப் போகாமல் ரப்பரை மட்டும் கிழித்தால் எப்படித் தெரியும்? உள்ளே வியர்வையில் நனைந்த கை, வெளியே ரத்தத்தில் நனைந்த கையுறை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியப்போகிறது? கழற்றும்போது விரலில் ரத்தக்கறையைப் பார்த்துத்தான் பலருக்குத் தூக்கிவாரிப்போடும். அதிகமாக ஓட்டை விழும் இடம், ஊசி பிடிக்காத கையின் ஆள்காட்டி விரல். வலது கைக்காரர் என்றால் இடது ஆள்காட்டி. வீட்டில் பூ கட்டுகிறவர்கள், துணி தைக்கிறவர்கள் தங்கள் விரலைப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும்.

30, 3, 0.3

சரி, ஓட்டை விழுந்தால் என்ன ஆகிவிடும்? மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்ற நூற்றுக்கு 30 வரை வாய்ப்பு. ஹெபடைட்டிஸ் சி-க்கு 3. ஹெச்ஐவி-க்கு 0.3. (ஹெபடைட்டிஸ் சி விஷயத்தில் புதிய ஆய்வுகள் இதைவிடக் குறைவாகச் சொல்கின்றன.) முழுசான கையுறை வழியாக ஊசி நுழைந்தால், அதன் மேலிருக்கும் ரத்தத்தில் ஒரு பகுதியை ரப்பரே துடைத்துவிடும். ஏற்கெனவே ஓட்டையான கையுறையில், நகக்கண்ணில் சின்ன வெட்டுக்காயம் இருந்தால், அந்த உதவியும் கிடையாது.

நம் ஊரில் எல்லோரும் பயப்படுவது ஹெச்ஐவி-க்குத்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக ஹெச்ஐவி கண்டறியப்பட்டதே 1986-ல் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ரத்த மாதிரிகள் சேகரித்துக் கண்டுபிடித்தார்கள். நிர்மலா அந்த மாதிரிகளைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் பத்திரப்படுத்தினார். அந்தக் காலத்துப் பயம் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளின் எலும்பில் ஊறிவிட்டது. ஆனால், மேலே இருக்கிற கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஹெச்ஐவி-யைவிட நூறு மடங்கு வரை சுலபமாகத் தொற்றக்கூடியது ஹெபடைட்டிஸ் பி. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் அந்த வைரஸோடு வாழ்கிறார்கள். பலருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது. ஆகவே, 'பேஷன்ட்டுக்கு டெஸ்ட் நெகட்டிவ்னா ஒரு கிளவுஸ், பாசிட்டிவ்னா ரெண்டு கிளவுஸ்' என்று நோயாளியைப் பார்த்துக் கையுறை போடும் பழக்கம் சரியில்லை. அது நோயாளியை அவமானப்படுத்துகிறது, ஊழியரையும் ஏமாற்றுகிறது.

மணிப்பூட்டு மாதிரி ஒரு கையுறை

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது ஞாபகம் இருக்கும். அதில் மணிப்பூட்டு என்று ஒரு ரகம் உண்டு. சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும். பூட்டு உறுதியாக இருப்பது ஒரு பக்கம். யாரோ கைவைக்கிறார்கள் என்று அதுவே சத்தம் போட்டுச் சொல்வது இன்னொரு பக்கம். கையுறைக்கும் அந்த மணிதான் தேவைப்படுகிறது.

எலெக்ட்ரானிக் மணி ஒன்றை ஏற்கெனவே முயன்று பார்த்துவிட்டார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ரத்தமும் செலைனும் கடத்தும். சர்ஜனின் உடம்புக்கும் நோயாளியின் உடம்புக்கும் நடுவே உணர முடியாத அளவு சின்ன மின்னோட்டத்தை வைத்துக் கண்காணித்தால், கையுறை முழுசாக இருக்கும்வரை பாதை அடைபட்டிருக்கும். ஓட்டை விழுந்து ஈரம் புகுந்த நொடியில் பாதை திறக்கும், அலாரம் அடிக்கும். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் நீண்ட ஆபரேஷனில் லேட்டக்ஸ் மெதுவாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஓட்டையே இல்லாமல் அலாரம் கத்த ஆரம்பிக்கும். நாலு தடவை பொய்யாக மணி அடித்தால் ஐந்தாவது தடவை யார் மதிப்பார்கள்? இப்படிப்பட்ட கருவிகள் தியேட்டர்களில் பரவலாக நிலைக்கவில்லை.

ஜெயித்தது மின்சாரமே வேண்டாத ஒரு எளிய தந்திரம். உள்ளே கரும்பச்சைக் கையுறை, மேலே வெளிர்நிறக் கையுறை. மேலே இருப்பதில் ஓட்டை விழுந்தால், இரண்டுக்கும் நடுவே ஈரம் புகுந்து, அந்த இடத்தில் கரும்பச்சை திட்டாகப் பளிச்சென்று தெரியும். நனைந்த வெள்ளைச் சட்டைக்குள் பனியன் தெரிகிற கதைதான். உடனே மேல் கையுறையைக் கழற்றிப் புதுசு போட்டுக்கொள்ளலாம். உள்ளே இருப்பது அதுவரை காப்பாற்றியிருக்கும். பயோஜெல் போன்ற பிராண்டுகள் இதைத் தனி செட்டாகவே விற்கின்றன. ஒரு குறை உண்டு. ஈரம் இல்லாத இடத்தில் ஓட்டை விழுந்தால் திட்டு தெரியாது, உள் கையுறையும் சேர்ந்து கிழிந்தால் அதை இது சரியாகக் காட்டிக்கொடுக்காது.

அந்த விசேஷ செட் இல்லாவிட்டாலும், வெறுமனே இரண்டு சாதாரண கையுறை போட்டாலே கதை மாறுகிறது. 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ம் ஆண்டு காக்ரேன் அலசல், ஒற்றைக் கையுறையோடு ஒப்பிட்டால் இரட்டைக் கையுறையில் தோலை ஒட்டியிருக்கும் கையுறை ஓட்டையாவது 71 சதவிகிதம் குறைகிறது என்றது. தோலில் ரத்தக்கறை படுவது 65 சதவிகிதம் குறைகிறது. 'ரெண்டு போட்டா விரல் மரத்துப்போகுது, நூல் பிடிபட மாட்டேங்குது' என்பது சர்ஜன்களின் வழக்கமான புகார். நியாயமான புகார்தான். ஆனால், சில நாள் போட்டால் கை பழகிவிடுகிறது என்பதும் அவர்கள் அனுபவமே. ஹெல்மெட்டை முதல் வாரம் நாம் திட்டாத திட்டா?

அடுத்தது, நேரம் பார்த்து மாற்றுவது. கிரைஃப்ஸ்வால்ட் ஆய்வாளர்கள் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார்கள். கடிகாரத்தைத் தவிர இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

'எல்லாம் டாக்டருக்கும் நர்ஸுக்கும்தானே, நமக்கென்ன?' என்று நீங்கள் நினைக்கலாம். ஓட்டை இரண்டு பக்கமும் திறந்த கதவு. உங்கள் ரத்தம் அவர் கைக்குப் போகிற வழியில்தான் அவர் தோலின் கிருமி உங்கள் வயிற்றுக்குள் வருகிறது. இந்தியா உட்பட ஏழு நாடுகளின் 81 மருத்துவமனைகளில், 13,301 நோயாளிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2022-ல் 'லான்செட்' இதழில் வந்தது. வயிற்று ஆபரேஷனில் தையல் போட்டு மூடுவதற்கு முன் எல்லோரும் புதுக் கையுறை, புதுக் கருவிகளுக்கு மாறினார்கள். அவ்வளவுதான். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிப்பது 18.9 சதவிகிதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. இரட்டைக் கையுறையால் நோயாளிக்குத் தொற்று குறைகிறதா என்பதில் உலக சுகாதார நிறுவனம் ஆதாரம் போதவில்லை என்றே சொல்லியிருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. ஊழியருக்கான பலனோ தெளிவாக இருக்கிறது.

அப்புறம் ஏன் நடப்பதில்லை?

திண்டுக்கல்லுக்கு வருவோம். 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் இந்த ஊருடையதும் ஒன்று. வருஷத்துக்கு 150 எம்பிபிஎஸ் இடங்கள். அதற்கு வெகுகாலம் முன்பே சௌந்தரம் ராமச்சந்திரன் உருவாக்கிய காந்திகிராமம் கஸ்தூர்பா மருத்துவமனையும், 1955-ல் டாக்டர் ஏ.கே.தரியன் ஒட்டன்சத்திரத்தில் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் இந்தச் சமவெளியின் கிராமங்களுக்குப் பிரசவமும் ஆபரேஷனும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வேடசந்தூர் மில் தொழிலாளியும் நிலக்கோட்டை பூ விவசாயியும் இப்போது பல ஆபரேஷன்களுக்கு மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. நல்ல விஷயம். ஆனால் கத்திகள் கூடினால், கையுறைக்குள் இருக்கும் கைகளும் கூடும். அதிலும் பாதி, பழகாத இளம் கைகள்.

நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒரு காலத்தில் கையுறையைக் கழுவி, காற்று ஊதி ஓட்டை பார்த்து, ஒட்டுப்போட்டு, பவுடர் தூவி, ஆட்டோகிளேவ் செய்து மறுபடி போடுவார்கள். சீனியர் நர்ஸ்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஏழ்மை கற்றுக்கொடுத்த பழக்கம் அது. அன்றைக்கு ஒவ்வொரு கையுறையும் ஓட்டைக்காக ஒருவர் கையால் பார்க்கப்பட்டது என்பது வேடிக்கையான முரண். டிஸ்போசபிள் வந்தபிறகு, கழற்றியதும் சிவப்புப் பைக்குள் போட்டுவிடுகிறோம். ஓட்டையா என்று பார்க்க ஆளில்லை.

சிக்கல் காசு மட்டும் என்றால் தீர்த்துவிடலாம். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 1994-ல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கித் தருகிறது. இரட்டைக் கையுறை வேண்டுமென்றால் கொள்முதல் கணக்கை அங்கே மாற்ற வேண்டும். தனியாரிலோ இன்ஷூரன்ஸ் பேக்கேஜுக்குள் எல்லாம் அடக்கம் என்பதால், இரண்டாவது ஜோடி ஆஸ்பத்திரியின் லாபத்தில் கைவைக்கிறது. என் பார்வையில் பெரிய தடை வேறு. தியேட்டரில் யார் நிறுத்தச் சொல்வது? பெரிய டாக்டர் அவசரத்தில் தைத்துக்கொண்டிருக்கும்போது, 'சார், என் கிளவுஸ் கிழிஞ்ச மாதிரி இருக்கு, மாத்திக்கிறேன்' என்று சொல்ல ஒரு பயிற்சி நர்ஸுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! ஊசி குத்தினால்கூடச் சொல்லாமல் டெட்டாலில் கழுவிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். 'கவனமா இருந்திருக்கணும்' என்ற திட்டுக்குப் பயம். இரண்டு நிறக் கையுறையின் உண்மையான மதிப்பு இங்கேதான் எனக்குத் தெரிகிறது. கரும்பச்சைத் திட்டு எல்லோர் கண்ணிலும் படும். ஜூனியர் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை.

சிவப்புப் பையைத் தூக்கும் துப்புரவுப் பணியாளரை இந்தப் பேச்சில் யாருமே சேர்ப்பதில்லை. அவர் போட்டிருப்பது என்ன கையுறை? பல இடங்களில் பெட்டிக்கு நூறு என்று வரும் மெல்லிய பரிசோதனைக் கையுறை. பைக்குள் தவறி விழுந்த ஒரு ஊசிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உலர்ந்த ரத்தத்திலும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஒரு வாரம் வரை உயிரோடிருக்கும். அந்தப் பை வழிதவறினால் என்னவாகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2020 ஆகஸ்ட்டில், கொரோனா உச்சத்தில், நவி மும்பையில் ஒரு குடோனில் போலீஸ் புகுந்தபோது, பயன்படுத்திய கையுறைகளைக் கழுவிப் புதுசுபோல விற்கத் தயாராக மூட்டை மூட்டையாக வைத்திருந்தார்கள். டன் கணக்கில்! அந்தக் கையுறையைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறவர் எந்தப் பாதுகாப்பை நம்பிப் போட்டிருப்பார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஹெச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு, ஆஸ்பத்திரியில் தொற்று அபாயத்தில் வேலை செய்யும் 'எல்லா நபர்களுக்கும்' பாதுகாப்புச் சாதனம், பயிற்சி, தடுப்பு மருந்து தர வேண்டும் என்கிறது. நிரந்தரம், கான்ட்ராக்ட் என்று பிரித்துப் பேசவில்லை. 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியை நிர்வாகமே போட வேண்டும் என்கின்றன. ஏஜென்சி மூலம் வந்து, ஆறே மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிற ஒருவருக்கு மூன்றாவது டோஸை யார் ஞாபகம் வைத்திருந்து போடுவார்கள்? அந்தத் தடுப்பூசியின் மூன்று டோஸ் முடியவே ஆறு மாதம் ஆகும்.

உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்களா?

நர்ஸ், லேப் டெக்னீஷியன், வார்டு உதவியாளர், துப்புரவுப் பணியாளர்... யாராக இருந்தாலும் இன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு கேள்வி கேளுங்கள். 'ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணும் போட்டாச்சா?' போட்டிருந்தால், கடைசி டோஸுக்கு ஒன்று, இரண்டு மாதம் கழித்து எதிர்ப்பு சக்தி உருவாகியிருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அளவு 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. சிலருக்கு ஊசி போட்டும் சக்தி உருவாகாது. அவர்களுக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

கையுறையைக் கழற்றும்போது விரலில் ரத்தம் தெரிந்தாலோ, ஊசி குத்தினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். அமுக்கிப் பிழியக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, பிளீச்சிங் போன்ற காரமான எதையும் ஊற்றக் கூடாது. ஹெச்ஐவி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது உத்தமம், 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. ஆரம்பித்தால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஏஆர்டி மையம் இருக்கும் அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. 'டியூட்டி முடிஞ்சு போய்க் காட்டிக்கிறேன்' என்று அவர்கள் சொன்னால், நீங்கள் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அதை அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். பின்னால் ஏதாவது ஆனால் வேலையில்தான் தொற்றியது என்று நிரூபிக்க அவர்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு வரிதான்.

ஆபரேஷனுக்குப் போகிறவர் நீங்களாக இருந்தால், முதல் நாள் டாக்டரைப் பார்க்கும்போது தயங்காமல் கேட்கலாம்: 'மூடுறதுக்கு முன்னாடி கிளவுஸ் மாத்துவீங்களா டாக்டர்?' பில்லில் இரண்டு ஜோடி அதிகமாக வந்தால், மாத்தியிருக்கிறார்கள் என்று கொடுத்துவிட்டு வாருங்கள்.